சட்டையின் மடிப்பும் சான்றிதழின் மதிப்பும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நன்றாக உடுத்திக்கொள், உலகம் மதிக்கும் என்று பிள்ளைகளுக்கு அறிவுரை கூறும்போதெல்லாம் இப்பழமொழியைத் துணைக்கு அழைக்கிறோம். ஆனால் இதற்குள் ஒரு கொடிய கணக்கும் அடங்கியிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆடை பாதி என்றால், நல்லாடை இல்லாதவன் பாதி ஆள் என்றாகிறது. படிப்பாலும் உழைப்பாலும் அவன் எவ்வளவு உயர்ந்தாலும் நூற்றுக்கு ஐம்பதைத் தாண்ட இயலாது என்றாகிறது. வேலை தேடிப் புறப்படும் ஏழை இளைஞனின் வாழ்வில் இந்தப் பாதி செய்யும் வேலை என்ன என்பதைச் சற்றே ஆராய்வது நம் கடமையாகும்.

முல்லா நசுருதீனின் கதை ஒன்றை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். பழைய உடையோடு விருந்துக்குச் சென்ற முல்லாவை எவரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. வீடு திரும்பி, விலையுயர்ந்த அங்கியை அணிந்து மீண்டும் சென்றார். முதல் வரிசையில் இடம் கிடைத்தது. முல்லா உணவை அள்ளி அங்கியின் கைக்குள் திணித்தார். கேட்டவர்களுக்கு, விருந்து அங்கிக்குத்தானே என்று விடை தந்தார். கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் முல்லாவுக்கு வீட்டில் வேறோர் அங்கி இருந்தது. இருந்ததனால்தான் அது நகைச்சுவைக் கதையாயிற்று. மாற்று அங்கி இல்லாதவன் பசியோடு வீடு திரும்பியிருப்பான்; அவனைப் பற்றிக் கதை சொல்லவும் ஆள் இருந்திருக்காது.

தோல் தைப்பவர் வீட்டில் காலணி இல்லை

பாலாற்றங்கரை ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் தோல் தொழிலுக்கும் காலணித் தொழிலுக்கும் பெயர்பெற்றவை. இங்குத் தைக்கப்படும் தோல் காலணிகள் ஐரோப்பிய நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோருள் பெண்கள் மிகுதி. விடியலில் சமைத்து வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, நாளெல்லாம் தையற்பொறியின் முன் அமர்ந்து காலணியின் மேற்பகுதியைத் தைத்துவிட்டு, பொழுது சாயும் வேளையில் வீடு திரும்பும் தாய்மார்கள் பல்லாயிரவர்.

அத்தகைய ஒரு தாயின் மகன் பட்டம் பெற்று நேர்முகத் தேர்வுக்குப் புறப்படுகிறான் என்று கொள்வோம். அழைப்பில் 'ஃபார்மல்ஸ்' அணிந்து வருக என்று ஒரு சொல் இருக்கிறது. அச்சொல்லுக்குப் பொருள் அகராதியில் கிடைப்பதைவிடக் கடைத்தெருவில்தான் விளங்கும். முழுக்கைச் சட்டை, அதற்கேற்ற கால்சட்டை, இடைவார், காலுறை, கறுப்புத் தோல் காலணி. சில இடங்களில் டையும் வேண்டும். தாய் நாள்தோறும் கையால் தொட்டுத் தைக்கும் பொருள், மகனின் காலுக்கு எட்டாத பொருளாக நிற்கிறது.

வேறு வழியின்றி அவன் நண்பனின் காலணியை இரவல் வாங்குகிறான். அளவு பொருந்தாத காலணி கடிக்கும். கடிக்கும் காலோடு நடப்பவன் தயங்கி நடப்பான். தயங்கி நடப்பவனைத் 'தன்னம்பிக்கை குறைந்தவர்' என்று தேர்வாளர் குறிப்பேட்டில் எழுதுவார். அவனுடைய பாடஅறிவைப் பற்றி ஒரு வினாவும் எழுப்பப்படாமலே தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

வெளியூரிலிருந்து வருபவன் இரவுப் பேருந்தில் உட்கார்ந்தபடியே உறங்கி, பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவி, அங்கேயே உடை மாற்றிக்கொண்டு வருகிறான். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவனோ வீட்டில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு காரில் வந்து இறங்கியவன். இருவர் சட்டையின் மடிப்பையும் ஒப்பிட்டால் என்ன தெரியும்? முன்னிரவில் யார் எங்கே உறங்கினார் என்பது தெரியும். யார் என்ன கற்றார் என்பது தெரியாது.

பெண்மக்கள் நிலை இன்னும் கடினமானது. வரவேற்பாளர், விற்பனையாளர் பணிகளுக்கான விளம்பரங்களில் 'நல்ல தோற்றம் உடையவர்' என்ற தொடரை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அத்தொடருக்குள் நிறம் இருக்கிறது. பல் வரிசை இருக்கிறது. தலைமுடியின் ஒழுங்கு இருக்கிறது. ஏழைப் பெண் என்றால் அவள் உடுத்திய சேலையின் விலையும், தலையில் முக்காடிட்ட பெண் என்றால் அம்முக்காடும் அதற்குள் வந்துவிடுகின்றன. எழுதப்படாத இந்த விதிகளுக்கு மேல்முறையீடு கிடையாது. ஏனெனில் நிராகரித்ததற்கான காரணத்தை எவரும் எழுதித் தருவதில்லை.

பகட்டா, தேவையா?

'சோற்றுக்கே வழியில்லாத வீட்டில் இத்தனை விலையில் காலணி எதற்கு? கைப்பேசி எதற்கு? தவணையில் இருசக்கர வண்டி எதற்கு?' என்று கேட்போர் நம்மிடையே பலர். ஏழை செய்யும் செலவுக்குக் கணக்குக் கேட்பது நமக்கு எளிது. இவ்வினாவுக்கு 1776-ஆம் ஆண்டிலேயே விடை தந்தவர் பொருளியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆடம் சுமித். 'நாடுகளின் செல்வம்' என்னும் தம் நூலில் அவர் சணல்நார்ச் சட்டை ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். பண்டைய கிரேக்கரும் உரோமரும் அத்தகைய சட்டை இன்றியே வாழ்ந்தனர். எனினும் தம் காலத்து ஐரோப்பாவில், கூலித் தொழிலாளி ஒருவர் அச்சட்டை இல்லாமல் நாலுபேர் முன் வர நாணுவார் என்பதால், அது ஆடம்பரமன்று, இன்றியமையாப் பொருளே என்று அவர் கருதினார். இங்கிலாந்தில் தோல் காலணியும் அவ்வாறே என்றார். நம் காலத்தில் அறிஞர் அமர்த்தியா சென் வறுமையை விளக்கும்போது இக்கருத்தை எடுத்து வளர்த்தார். நாணமின்றிப் பொது இடத்தில் நிற்க இயலாமையும் வறுமையின் ஒரு முகமே.

எனவே ஏழை இளைஞன் கடன்பட்டு வாங்கும் சட்டை பகட்டு அன்று. அது வாயிற்காவலர் தடுக்காமல் உள்ளே விடுவதற்கான நுழைவுச்சீட்டு. சீட்டின் விலையை உயர்த்தியவர்கள் வேறு. அதை வாங்கினான் என்று பழிக்கப்படுபவன் வேறு. விற்பனைப் பிரதிநிதி வேலைக்கும் உணவு கொண்டுசேர்க்கும் வேலைக்கும் சொந்த வண்டியும் ஓட்டுநர் உரிமமும் திறன் கைப்பேசியும் வேண்டும் என்கிறார்கள். வேலை கிடைத்தால்தான் வண்டி வாங்கலாம்; வண்டி இருந்தால்தான் வேலை கிடைக்கும். இந்தச் சுழலுக்குள் நுழைய அவனுக்குக் கந்துவட்டி ஒன்றே கதவாக இருக்கிறது.

கண் செய்யும் பிழை

தேர்வாளர்கள் எல்லோரும் தீயவர்கள் என்று நாம் கூற வரவில்லை. பிழை மனத்தின் இயல்பிலேயே உள்ளது. அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு தார்ன்டைக்கு 1920-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். இராணுவ அதிகாரிகள் தம் கீழ்ப் பணிபுரிவோரின் உடற்கட்டு, அறிவு, தலைமைப்பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே இட்ட மதிப்பீடுகளை அவர் ஆராய்ந்தார். தனித்தனிப் பண்புகளாயினும் மதிப்பீடுகள் ஒன்றையொன்று பெரிதும் ஒட்டியே சென்றன. ஒன்றில் உயர்ந்தவராகத் தோன்றியவர் எல்லாவற்றிலும் உயர்ந்தவராக மதிக்கப்பட்டார். ஒரு பண்பின் ஒளி பிறவற்றின் மேலும் படர்கிறது என்பதால் இதனை ஒளிவட்ட விளைவு என்பர்.

அண்மையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனினும் தெளிவான சான்று தந்தனர். டாங்வோன் ஓ, எல்டார் ஷாஃபிர், அலெக்சாண்டர் டோடோரோவ் ஆகிய மூவரும் 2019-இன் இறுதியில் வெளியிட்ட ஆய்வு அது. முகங்களின் படங்களைச் சற்றே வசதியாகத் தோன்றும் உடையோடும் சற்றே எளிதாகத் தோன்றும் உடையோடும் காட்டி, இவர் எவ்வளவு திறமையானவராகத் தோன்றுகிறார் என்று கேட்டனர். அதே முகம் வசதியான உடையில் திறமை மிக்கதாகத் தோன்றிற்று. ஒரு நொடியின் எட்டில் ஒரு பங்கே படத்தைக் காட்டியபோதும் இவ்வேறுபாடு நின்றது. உடையைக் கருத்திற் கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தும், சரியாக மதிப்பிட்டால் பரிசு தருவதாகக் கூறியும் அது மறையவில்லை. 'நான் உடையைப் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்க்கிறேன்' என்று சொல்லும் தேர்வாளர் உண்மையாகவே அப்படி நம்பலாம். ஆனால் அவர் நம்புவதற்கு முன்பே அவருடைய கண் முடிவெடுத்துவிடுகிறது.

உடையோடு இது நிற்பதில்லை. 2007-இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லி வட்டாரத்து நிறுவனங்களின் பணியமர்த்தும் அலுவலர்களிடம் உரையாடி எழுதிய ஆய்வில், 'குடும்பப் பின்னணி' என்பது தகுதியின் ஒரு பகுதியாகவே கருதப்படுவது வெளிப்பட்டது. தந்தையின் தொழில் என்ன, உடன்பிறந்தோர் என்ன செய்கின்றனர், எங்கே குடியிருக்கிறீர்கள் என்னும் வினாக்கள் இயல்பான உரையாடல் போலவே கேட்கப்படும். மருத்துவரின் மகனுக்கு அவை உரையாடல். சுமைதூக்குபவரின் மகனுக்கு அவை வழக்காடுமன்ற விசாரணை. அதே ஆண்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பியபோது, உயர்சாதி இந்துப் பெயர்களைவிடத் தலித் பெயர்களுக்கும் முசுலிம் பெயர்களுக்கும் அழைப்புக் குறைவாகவே வந்தது. முகம் காட்டும் முன்பே பெயர் ஓர் ஆடையாகி முன்னே சென்று நிற்கிறது.

வரலாறு கூறுவது

ஆடையை மனிதரின் தரமாகக் கொள்ளும் வழக்கம் நேற்று வந்ததன்று. திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் பயனாக 1859-இல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசாணை பிறந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்ற கட்டுப்பாடு அதனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930-இல் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தலாகாது, பெண்கள் மேலாடை அணியலாகாது என்பன அவற்றுட் சில. அன்று 'உடுத்தாதே' என்று சொல்லி வெளியே நிறுத்தினர். இன்று 'உடுத்தி வரவில்லையே' என்று சொல்லி வெளியே நிறுத்துகின்றனர்.

இரு பெருந்தலைவர்களின் உடையை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். 1921 செப்டம்பர் 22-இல் மதுரையில் காந்தியடிகள் தம் மேலாடைகளைக் களைந்து அரையாடைக்கு மாறினார். 1931-இல் இலண்டன் அரண்மனையில் மன்னரைக் கண்டபோதும் அவ்வாறே சென்றார். அண்ணல் அம்பேத்கரோ கோட்டும் டையும் அணிந்தே மக்கள் முன் நின்றார். ஒருவர் களைந்தார், மற்றவர் அணிந்தார். இரண்டும் அறமே. உடுத்தும் உரிமை பிறப்பிலேயே வாய்த்தவர் அதனைத் துறப்பது தியாகம். அவ்வுரிமை மறுக்கப்பட்டவர் அதனை எடுத்து அணிவது விடுதலை. எனவே 'எளிமையாக உடுத்துக' என்று ஏழைக்கு அறிவுரை கூறும்முன் நாம் ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும்.

2014-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி அணிந்து சென்றதால் சென்னையிலுள்ள கிரிக்கெட் மன்றம் ஒன்றினுள் அனுமதிக்கப்படவில்லை. நாடே கொதித்தது. அவ்வாண்டிலேயே வேட்டிக்குத் தடைவிதிப்பதைத் தடுக்கும் சட்டம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. போற்றத்தக்க செயலே. ஆயினும் அந்த வாயிலில் தடுக்கப்பட்டவர் நீதிபதியாக இருந்ததனால் செய்தி வெளியே வந்தது. நாள்தோறும் எத்தனையோ வாயில்களில் தடுக்கப்படும் ஏழை இளைஞர்கள் செய்தியாவதில்லை.

மார்க்கமும் இலக்கியமும்

திருக்குர்ஆனின் 80-ஆம் அத்தியாயம் 'அபச'. குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், பார்வையற்றவரும் எளியவருமான இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவு நாடி வந்தார்கள். செல்வாக்குடையோரின் பொருட்டு அவரிடமிருந்து முகம் திரும்பியதற்காக இறைவன் தன் தூதருக்கே அறிவுறுத்திய செய்தியோடு அவ்வத்தியாயம் தொடங்குகிறது. பின்னாளில் அந்தத் தோழர் மதீனாவில் பாங்கு சொல்லும் சிறப்பைப் பெற்றார். நபிகளார் வெளியூர் சென்ற வேளைகளில் அவர்களின் பொறுப்பாளராகவும் அமர்த்தப்பட்டார். தேடி வந்த எளியவர் முன் முகம் சுளிப்பது எவ்வளவு பெரிய பொருள் என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டுவதில்லை.

நம் சீறாப்புராணம் பிறந்த வரலாற்றிலும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. காப்பியத்துக்கு உரிய செய்திகளை வேண்டி உமறுப்புலவர் மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பா அவர்களிடம் சென்றபோது, புலவரின் ஆடை அணிகளைக் கண்டு அப்பா அவர்கள் முதலில் மறுத்தார்கள் என்றும், கனவின் வழி அறிவுறுத்தப்பெற்றுப் பின்னர் இசைந்தார்கள் என்றும் கூறுவர். தோற்றமே இறுதித் தீர்ப்பாக நின்றிருக்குமாயின் தமிழுக்கு ஒரு காப்பியம் கிடைத்திராது. தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் பெருமனம் அப்பெரியாரிடம் இருந்தது.

புறநானூற்றின் 189-ஆம் பாடலில் நக்கீரனார், உலகாளும் வேந்தனுக்கும் விலங்கின் பின் அலையும் வேட்டுவனுக்கும் உணவின் அளவும் உடையின் எண்ணிக்கையும் ஒன்றே என்று காட்டுவார். ஹஜ்ஜுக்குச் செல்லும் ஆடவர் தைக்கப்படாத இரு வெண்துணிகளையே உடுத்துகின்றனர். அங்கே முதலாளி யார், அவரிடம் கூலி பெறுபவர் யார் என்று உடையை வைத்துக் கூற இயலாது. சங்கப் புலவர் எண்ணிய உடையும் இரண்டு; இஹ்ராமின் உடையும் இரண்டு. அந்த இரண்டு துணியோடு கஅபாவை வலம்வந்து திரும்பிய பெரியவர், ஊரில் தம் கடைக்கு வேலை கேட்டு வந்தவனின் தேய்ந்த செருப்பைப் பார்த்து முகம் சுளிப்பாராயின், அவர் கற்று வந்த பாடம் என்ன என்று நாம் வினவலாம்.

ஒரு மறுப்பும் விடையும்

'நேர்த்தியாக வருவது வேலையின் மேல் உள்ள மதிப்பைக் காட்டாதா? கசங்கிய உடையோடு வருபவன் கசங்கிய வேலையைத்தானே செய்வான்?' என்பது பணி தருவோர் வினா. இதில் ஒரு பகுதி உண்மை. தூய்மை வேண்டும். தொழுகைக்கு முன் ஒளூச் செய்வதைக் கட்டாயமாக்கிய மார்க்கத்தைச் சார்ந்தோர் தூய்மையைக் குறைத்துப் பேச இயலாது. ஆனால் தூய்மை வேறு, விலை வேறு. துவைத்த பழைய சட்டையும் தூயதே. காலர் நைந்திருப்பது அழுக்கின் அடையாளம் அன்று. பலமுறை துவைத்ததன் அடையாளம். இவ்விரண்டையும் பிரித்தறியாத கண்தான் நாம் குறை கூறும் கண்.

மேலும், தோற்றம் பாராமல் ஆளைத் தேர்ந்தெடுக்க இயலாது என்பதும் உண்மையன்று. இசைக்குழுவுக்குக் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்க அமெரிக்காவில் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்லும் முறை உண்டு. காலடி ஓசையும் கேட்காதபடி தரைவிரிப்பு இடுவதும் உண்டு. நம் நாட்டிலேயே, 2016 சனவரி 1 முதல் மைய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கும் அரசிதழில் பதியப்பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வு நீக்கப்பட்டது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்விலும் எழுத்துத் தேர்வே பணியைத் தீர்மானிக்கிறது. விடைத்தாளுக்குச் சட்டை இல்லை. கிராமத்து ஏழைப் பிள்ளைகள் இத்தேர்வுகளை நாடிப் பெருந்திரளாகச் செல்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

செய்யத்தக்கன

பணி தருவோர்க்கு நாம் கூறுவன சில. முதலில் செய்திறனைச் சோதியுங்கள். பிறகு முகம் பாருங்கள். தந்தையின் தொழிலைக் கேளாதீர்கள். எவ்வுடையில் வந்தாலும் போதும், தூய்மையாக வருக என்று அழைப்பிலேயே எழுதுங்கள். வெளியூர் விண்ணப்பதாரருக்குப் பேருந்துக் கட்டணம் தாருங்கள். சீருடை வேண்டும் பணியென்றால் அதனை நிறுவனமே வழங்கட்டும். முதல் மாதச் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம். இணையவழி நேர்காணலில் விண்ணப்பதாரரின் பின்னால் தெரியும் சுவரைப் பார்த்து எடை போடாதீர்கள். ஒரே அறையில் ஐவர் வாழும் வீட்டில் அமைதியான மூலை என்பது கிடைத்தற்கரிய பொருள். நம் சமுதாயத்து வணிகப் பெருமக்களும் தொழிற்சாலை உரிமையாளர்களும் இதற்கு முன்மாதிரியாக நின்றால் பிறர் பின்பற்றுவர்.

கல்லூரிகள் செய்யத்தக்கதும் உண்டு. ஒவ்வொரு கல்லூரியிலும் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவர்க்கென ஓர் உடையறை அமையட்டும். எல்லா அளவிலும் சில சட்டைகள், கால்சட்டைகள், காலணிகள். ஓர் இஸ்திரிப் பெட்டி. முன்னாள் மாணவர் ஆளுக்கு ஒரு சோடி அளித்தால் ஓராண்டில் அறை நிரம்பும். நூலகத்தில் நூல் எடுப்பது போல எவரும் எடுத்துச் சென்று திருப்பித் தரலாம் என்றிருக்க வேண்டும். 'ஏழை மாணவர்க்கு மட்டும்' என்று பலகை எழுதி மாட்டுவோமானால் அதன் பயனே கெட்டுவிடும். வலக்கை ஈவதை இடக்கை அறியாதிருக்க வேண்டும் என்னும் நெறியில் வளர்ந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில் ஊர்மக்கள் திரண்டு பள்ளிகளுக்கு வேண்டுவன வழங்கினர். அம்மரபு நமக்கு அந்நியம் அன்று.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். உங்கள் சட்டையைப் பார்த்து உங்களை மறுத்தவர் உங்கள் அறிவை அளந்து மறுக்கவில்லை. அத்தீர்ப்பை உங்கள் மீதான தீர்ப்பாக ஏற்காதீர்கள். கிடைத்ததைத் துவைத்து அணிந்து, கற்றதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நாளை மேசையின் மறுபக்கத்தில் நீங்கள் அமரும் காலம் வரும். அன்று கதவைத் திறந்து தயங்கித் தயங்கி ஒருவன் உள்ளே வருவான். அவனுடைய காலணி இரவல் காலணியாக இருக்கலாம். அவனை அமரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், பிறகு, 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேளுங்கள்.